தம்பிக்கு மார்ச்ல 18 ஆகுது, ஹோமை விட்டு வெளிய வரணும், நான் என்ன செய்யறது?

கேள்வி: அக்கா, எனக்கு 19 வயசு. திருப்பூர்ல ஒரு கார்மெண்ட்ஸ்ல செக்கிங் வேலை பாக்குறேன், பன்னெண்டாயிரம் சம்பளம். நான் நாலாவது படிக்கறப்ப அப்பா அம்மா அடுத்தடுத்து இறந்துட்டாங்க, என்னை ஒரு ஹோம்லயும் தம்பியை வேற ஒரு ஹோம்லயும் சேத்தாங்க. பிளஸ் டூ முடிச்சு 18 ஆனதும் ரெண்டு செட் டிரெஸ்ஸும் சர்டிபிகேட்டும் குடுத்து என்னை அனுப்பிட்டாங்க. இப்ப தம்பி பிளஸ் டூ படிக்கிறான், கவர்ன்மெண்ட் ஸ்கூல், வர்ற மார்ச்ல அவனுக்கும் 18. "அதுக்கு மேல வெச்சுக்க முடியாதும்மா, நீ கூட்டிட்டுப் போயிடு"ன்னு ஹோம் சார் சொல்றார். தம்பி, இனிமே படிக்கல, உன்கூடவே வந்து கம்பெனியில சேந்துக்கறேன்னு சொல்றான். நான் இருக்கறது லேடீஸ் ஹாஸ்டல், தனியா வீடு எடுத்துடலாமா? இத்தனை வருஷமா எட்டிப் பாக்காத சித்தப்பா இப்ப ஹோமுக்கு வந்து, பையனை நான் பாத்துக்கறேன், உங்க அப்பா வீட்டு விஷயமா ஒரு கையெழுத்து வேணும்னு கேக்கறாராம். இங்க யார்கிட்டயும் நான் ஹோம்ல வளந்த பொண்ணுன்னு சொல்லல. ராத்திரியில ரொம்ப பயமா இருக்கு. பேர் போட வேண்டாம்.

பதில்:

தங்கச்சி, நீ முழுக்க முழுக்க தம்பியைப் பத்தியே எழுதியிருக்க, நான் முதல்ல உன்னைப் பத்தி சொல்லிடறேன். 18 ஆனதும் கவர்ன்மெண்டுக்கும் உனக்கும் சம்பந்தம் முடிஞ்சுபோச்சுன்னு நீ நினைச்சுட்டு இருக்க, உன்னை அனுப்பினவங்களும் அப்படித்தான் நினைச்சிருக்காங்க போல, ஆனா அது உண்மை இல்ல. 2015ல வந்த இளைஞர் நீதிச் சட்டத்துல ஆஃப்டர் கேர்னு ஒண்ணு இருக்கு, பின்பராமரிப்புன்னு தமிழ்ல எழுதுவாங்க. ஹோம்ல வளந்து 18 முடிஞ்சு வெளிய வந்தவங்களுக்கு 21 வயசு முடியற வரைக்கும் பண உதவியோ வேற உதவியோ செய்யறதுக்கான ஏற்பாடு அது, ரொம்ப தேவைப்படற சூழ்நிலைன்னா 23 வரைக்கும் நீட்டிக்கலாம்னு அந்தச் சட்டத்துக்காக மத்திய அரசு 2016ல போட்ட மாதிரி விதிகள்ல (மாடல் ரூல்ஸ்) இருக்கு. உனக்கு 21 முடிய இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல இருக்கு. அதனால இந்தப் பதில்ல நான் தம்பிக்குன்னு சொல்றதுல பாதி உனக்கும்தான், அதை மனசுல வெச்சுட்டுப் படி.

இப்ப இந்த திட்டம் மிஷன் வாத்சல்யாங்கற மத்திய அரசோட குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்துக்குக் கீழ வருது, ஒரு ஆளுக்கு மாசம் 4000 ரூபாய்னு வெச்சிருக்காங்க, நேரா அவங்கவங்க பேங்க் அக்கவுண்டுக்கு வரணும். வெறும் காசு மட்டும் இல்ல, தொழில் கத்துக்கற காலத்துல உதவித்தொகை, மேல படிக்க உதவி, ஆறுல இருந்து எட்டு பேரு சேந்து தங்கற மாதிரி தற்காலிக வீடு, கவுன்சிலர், சொந்தமா தொழில் தொடங்கறதுக்கு லோன் ஏற்பாடு எல்லாம் விதியில எழுதியிருக்கு. எழுதியிருக்குன்னுதான் சொல்றேன். சட்டத்துல அந்த 46வது பிரிவுல பண உதவி "அளிக்கலாம்"னுதான் இருக்கு, கட்டாயம் அளிக்கணும்னு இல்ல, அதனாலயே நிறைய இடத்துல கேக்கறவங்களுக்குக் கிடைக்கும், கேக்காதவங்களுக்கு யாரும் வீடு தேடி வந்து குடுக்க மாட்டாங்க. கிடைச்சாலும் மாசாமாசம் ஒண்ணாந்தேதி டாண்ணு வரும்னு நம்பி வாடகை பேசிடாத, ரெண்டு மூணு மாசம் சேந்து வர்றது சகஜம். ஆனா அதுக்காகக் கேக்காமயும் விட்டுடாத.

இனி தம்பி. "18 ஆனா வெச்சுக்க முடியாது"ன்னு அந்த சார் சொன்னது பாதி சரி. குழந்தைகளுக்கான ஹோம்ல 18க்கு மேல சாதாரணமா வெச்சுக்க மாட்டாங்க, ஆனா அவர் சொல்லாம விட்ட பாதி ஒண்ணு இருக்கு. பையன் வெளிய போறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே, அவன் எங்க தங்கப்போறான், என்ன படிக்கப்போறான் இல்ல என்ன வேலைக்குப் போகப்போறான், செலவுக்கு என்ன வழின்னு ஒரு திட்டம் எழுதி சி.டபிள்யூ.சி.க்கு, அதான் குழந்தைகள் நலக் குழுவுக்குக் குடுக்கணும்னு அதே விதியில இருக்கு. மார்ச்ல 18ன்னா ஜனவரிக்குள்ள அந்தத் திட்டம் அங்க போயிருக்கணும். "அக்கா கூட்டிட்டுப் போயிடு"ங்கறது திட்டம் கிடையாது. 19 வயசுப் பொண்ணு, ஹாஸ்டல்ல கட்டில் வாடகைக்கு இருக்கறவ, அவகிட்ட ஒரு பையனை ஒப்படைச்சிட்டு ஃபைலை மூடறதுக்கு யாருக்கும் அதிகாரம் இல்ல. சார் கெட்டவர்னு நான் சொல்லல, அவருக்கும் கீழ நாப்பது அம்பது பசங்க இருப்பாங்க, உன்கிட்ட சொன்னா நீ தலையாட்டுவன்னு அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அதனால இந்த வாரமே தம்பி கைப்பட ஒரு லெட்டர் எழுதட்டும், நீ எழுதாத, அவன் எழுதணும், தன் விஷயத்துல தன் விருப்பத்தைச் சொல்ற உரிமை அவனுக்கு இருக்கு. பெரிய இலக்கணம் எல்லாம் வேண்டாம். "எனக்கு மார்ச் மாதம் இந்தத் தேதியில் 18 வயது முடிகிறது. எனக்கு அக்காவைத் தவிர யாரும் இல்லை, அக்கா ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறார். எனக்கு பிளஸ் டூ பொதுத்தேர்வு உள்ளது, தேர்வு முடிந்து கல்லூரியில் சேரும் வரை தங்க ஏற்பாடு வேண்டும், பின்பராமரிப்புத் திட்டத்தில் என்னைச் சேர்க்க வேண்டும்"னு நாலு வரி போதும். ஹோம் கண்காணிப்பாளருக்கு ஒண்ணு, சி.டபிள்யூ.சி. தலைவருக்கு ஒண்ணு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கு ஒண்ணு. இந்த அலுவலரோட ஆபீஸ் பெரும்பாலும் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துலயோ பக்கத்துலயோ இருக்கும், டி.சி.பி.யூ., அதான் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, எங்கன்னு கேட்டா காட்டுவாங்க. குடுக்கறப்ப ஒரு ஜெராக்ஸ்ல சீல் போட்டு வாங்கிக்கோ, சீல் போட மாட்டேன்னு சொன்னா ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பிட்டு ரசீதை பத்திரமா வெச்சுக்கோ. ஒரு மாசம் ஆகியும் பதில் இல்லன்னா கலெக்டர் ஆபீஸ்ல திங்கட்கிழமை நடக்கற குறைதீர்க்கும் கூட்டத்துல மனு குடு, அங்க குடுத்தா ஒரு நம்பர் விழும், நம்பர் விழுந்த மனுவுக்கு அந்த ஆபீஸ் பதில் எழுதியே ஆகணும். உன்னோட லெட்டரும் இதே மாதிரிதான், உன்னை ஹோம்ல சேத்த மாவட்டத்துல குடு.

இதுல ஒரு விஷயம் முன்னாடியே பாத்துக்கணும். உங்க ரெண்டு பேரையும் சி.டபிள்யூ.சி. ஆர்டர் போட்டு ஹோம்ல சேத்தாங்களா, இல்ல ஊர்ல யாராவது தெரிஞ்சவங்க நேரா கொண்டுபோய் விட்டாங்களா? சில இடங்கள்ல ஹோம்னு போர்டு இருக்கும், உள்ள நடக்கறது விடுதி மாதிரி, பிள்ளைங்க பேரு சி.டபிள்யூ.சி. ரெக்கார்டுலயே இருக்காது. ஆர்டர் இருந்தா அதோட காப்பி கையில வேணும், ஆஃப்டர் கேர் கேக்க அதுதான் முதல் பேப்பர். இல்லன்னா தம்பிக்கு 18 ஆகறதுக்கு முன்னாடியே அவனை சி.டபிள்யூ.சி. முன்னாடி ஆஜர்படுத்தச் சொல்லிக் கேக்கணும், 18 தாண்டிட்டா அந்தக் கதவு கிட்டத்தட்ட சாத்தின மாதிரிதான். இது அவசரம், மத்ததெல்லாம் அப்பறம்.

அடுத்தது பேப்பர். இதைத்தான் நான் வர்ற எல்லா பிள்ளைங்க கிட்டயும் தொண்டை வத்த கத்துறேன், ஏன்னா வெளிய வந்தப்பறம் ஒரு பேப்பருக்காக அலையறது எவ்வளவு கொடுமைன்னு ஹோமுக்குள்ள இருக்கறவங்களுக்குத் தெரியாது, உள்ள இருக்கறப்ப சார் ஒரு லெட்டர்பேட்ல எழுதிக் குடுத்தா நடக்கற வேலை, வெளிய வந்தப்பறம் "அப்பாவைக் கூட்டிட்டு வா"ங்கற வார்த்தையில நின்னுடும். முதல்ல ஆதார். தம்பி ஆதார்ல எந்த போன் நம்பர் இருக்குன்னு பாரு, முக்கால்வாசி பசங்களுக்கு ஹோம் வார்டன் நம்பரோ, வேலையை விட்டுப்போன பழைய ஸ்டாஃப் நம்பரோதான் இருக்கும், ஓ.டி.பி. எல்லாம் யாரோ ஒருத்தருக்குப் போகும். அந்த நம்பரை மாத்தறதுக்கு டாக்குமெண்ட் எதுவும் வேண்டாம், அவன் நேர்ல போய் கைரேகை வெச்சா போதும். 15 வயசுல கைரேகையும் கண் பதிவும் புதுப்பிச்சிருக்கணும், அது விட்டுப்போயிருந்தா அதையும் அன்னிக்கே முடிச்சிடு. அட்ரஸ் இப்ப ஹோம் அட்ரஸாத்தான் இருக்கும், அது இருக்கட்டும், வேற நிலையான அட்ரஸ் வர்ற வரைக்கும் அதைத் தொடாத, அங்கீகாரம் உள்ள ஹோமோட தலைவர் குடுக்கற சான்றை ஆதாருக்கு ஏத்துக்கறாங்க.

அப்பறம் இனிஷியல். சிரிப்பா இருக்கும், ஆனா நம்ம ஊர்ல பாதி பேரோட தலையெழுத்தை இதுதான் தீர்மானிக்குது. ஆதார்ல ஒரு மாதிரி, மார்க் ஷீட்ல ஒரு மாதிரி, பேங்க்ல இனிஷியலே இல்லாம, சி.டபிள்யூ.சி. ஆர்டர்ல அப்பா பேரு தப்பா எழுதி... இதெல்லாம் அப்பா அம்மா இருக்கற வீட்டுல ஒரு நாள் எரிச்சலோட முடியும், உங்களுக்கு ஒரு வருஷம் இழுக்கும். பிளஸ் டூ மார்க் ஷீட் அடிக்கறதுக்கு முன்னாடி ஸ்கூல்ல பேரும் பிறந்த தேதியும் சரிபார்க்கச் சொல்லி ஒரு லிஸ்ட் காட்டுவாங்க, அன்னிக்கு தம்பி கண்ணை நல்லாத் தொறந்து பாக்கட்டும், அந்த மார்க் ஷீட்டை அடிப்படையா வெச்சு மத்ததைச் சரி பண்ணிக்கலாம்.

ஜாதிச் சான்றிதழ் ரெண்டு பேருக்கும் இருக்கான்னு நீ எழுதல. இல்லன்னா இது உனக்கு உபயோகமா இருக்கும்: தமிழ்நாட்டோட பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்லயே ஆதரவற்ற பிள்ளைங்களுக்குன்னு ஒரு இடம் இருக்கு. பத்து வயசுக்கு முன்னாடி பெத்தவங்களை இழந்து, பாத்துக்க வேற யாரும் இல்லாம, கவர்ன்மெண்ட் நடத்தற இல்ல கவர்ன்மெண்ட் அங்கீகாரம் உள்ள ஸ்கூல்லயோ ஹோம்லயோ சேந்தவங்க அதுல வருவாங்க. நாலாவது படிக்கறப்பன்னு எழுதியிருக்க, அப்ப உனக்கே பத்து ஆகியிருக்காதுன்னு நினைக்கிறேன், தம்பிக்கு சந்தேகமே இல்ல. ஆனா அப்பா அம்மா வழியில ஏற்கனவே எம்.பி.சி.யோ எஸ்.சி.யோ எஸ்.டி.யோன்னு சான்றிதழ் இருந்தா அவசரப்பட்டு மாத்தாத, இருக்கறதே உனக்குச் சாதகமா இருக்கலாம், தாசில்தார் ஆபீஸ்ல கேட்டுட்டு முடிவு பண்ணு. இதோட அப்பா அம்மா ரெண்டு பேரோட இறப்புச் சான்றிதழ், தம்பியோட பிறப்புச் சான்றிதழ், டி.சி., ஹோம்ல இருந்த காலத்துக்கான சான்று, தடுப்பூசி, ஆபரேஷன் மாதிரி ஏதாவது மருத்துவ ரெக்கார்டு இருந்தா அது, எல்லாத்தையும் போட்டோ எடுத்து உன் மெயில்லயும் அவன் மெயில்லயும் போட்டு வெச்சிடுங்க. பேங்க் அக்கவுண்ட் மைனர் அக்கவுண்டா இருந்தா 18 ஆனதும் புதுசா கே.ஒய்.சி. குடுத்து கையெழுத்து மாதிரி குடுக்கணும், அது வரைக்கும் பேங்க்ல நிறுத்தி வெச்சிடலாம், உதவித்தொகை வர்ற நேரத்துல இது நடந்தா தலைவலி. ஓட்டர் ஐடிக்கு 17 முடிஞ்சதுமே முன்கூட்டி அப்ளை பண்ணலாம், மார்ச்ல 18ன்னா ஏப்ரல் 1ஐத் தகுதித் தேதியா வெச்சு பேரு சேப்பாங்க.

இனி படிப்பு விஷயம். அவன் என்ன குரூப், எவ்வளவு மார்க் எடுப்பான்னு நீ எழுதல, ஆனா "படிக்கல"ன்னு அவன் சொல்றது படிப்புப் பிடிக்காம இல்லன்னு எனக்குத் தோணுது. ஹோம்ல இருந்து வெளிய வர்ற பசங்க நிறையப் பேரு 18 வயசுல இப்படித்தான் பேசுவாங்க, எங்க தங்கறதுன்னு தெரியாம இருக்கறப்ப எந்தக் காலேஜ்னு யோசிக்க மண்டை வேலை செய்யாது. அதனால படி படின்னு அட்வைஸ் பண்ணாத, தங்கறதுக்கு வழியை முதல்ல காட்டு, அப்பறம் கேளு. கவர்ன்மெண்ட் ஸ்கூல்ல ஆறாவதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் படிச்ச பையன்னா காலேஜ், டிப்ளமோ, ஐ.டி.ஐ. எதுல சேந்தாலும் தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் 1000 ரூபா வரும், 2024 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது. இன்ஜினியரிங் மாதிரி தொழிற்படிப்புன்னா கவர்ன்மெண்ட் ஸ்கூல் பசங்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுல சீட் கிடைச்சா படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசாங்கமே கட்டுது. கவர்ன்மெண்ட் ஆர்ட்ஸ் காலேஜ்ல சேந்தா, பி.சி., எம்.பி.சி., ஆதிதிராவிடர் நலத்துறை நடத்தற காலேஜ் விடுதி இருக்கு, சாப்பாடு தங்கல் இலவசம். ஆக மொத்தம், ஒரு இடம் கிடைச்சிட்டா மூணு வருஷம் தங்கறதுக்கும் சேத்து வழி பொறந்துடுது.

ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு, யாரும் யோசிக்க மாட்டாங்க. தீபாவளி, பொங்கல், செமஸ்டர் லீவுக்கெல்லாம் விடுதியைப் பூட்டிடுவாங்க, எல்லாரும் ஊருக்குப் போவாங்க, இவன் பையைத் தூக்கிட்டு எங்க போவான்? நிறையப் பசங்க முதல் வருஷத்துல படிப்பை விடறது ஃபீஸ் பிரச்சனையில இல்ல, இந்த மாதிரி ஒரு லீவுல போக்கிடம் இல்லாம எங்கயாவது வேலைக்குப் போயி, கையில காசைப் பாத்ததும் அப்படியே திரும்பாம நின்னுடறதுலதான். அதனால அந்தத் திட்டத்துல லீவு நாளுக்கு எங்கன்னு தனியா ஒரு வரி எழுதச் சொல்லு. பழைய ஹோம்லயே விருந்தாளி மாதிரி தங்க விடுவாங்களா, ஆஃப்டர் கேர் வீடு எதாவது இருக்கா, கூடப் படிக்கற பையனோட வீடா, எதுவா இருந்தாலும் முன்னாடியே பேசி வெச்சிருக்கணும்.

வீடு எடுக்கலாமான்னு கேட்ட. இந்த வருஷம் வேண்டாம். பன்னெண்டாயிரத்துல அட்வான்ஸ், வாடகை, கரண்டு, கேஸ், பாத்திரம் பண்டம்னு எடுத்தா நீ ஓ.டி. பாக்காம ஒரு மாசம் கூட ஓட்ட முடியாது, அவனும் கம்பெனிக்கு வந்தாகணும், அப்பறம் ரெண்டு பேரும் அதுலயே செட்டில் ஆயிடுவீங்க. காசை விடு, இன்னொண்ணு இருக்கு. பத்து வயசுல இருந்து நீ அவனுக்கு அம்மா மாதிரி நடந்துக்கிட்டு வர்ற, உன் லெட்டர் முழுக்க அதுதான் தெரியுது. நீ அவனுக்கு அக்காவா மட்டும் இருந்தா போதும்மா. ஞாயித்துக்கிழமை போய்ப் பாரு, வாரத்துல ரெண்டு நாள் போன் பேசு, லீவுக்கு அவனுக்கு ஒரு டிரெஸ் எடுத்துக்குடு. நாளைக்கு அவன் உன்மேல கோவப்படறதுக்கும் உன்கூட சண்டை போடறதுக்கும் இடம் வேணும், சோறு போடறதே நீதான்னா அவனால அது முடியாது.

வீட்டுக்குப் பதிலா இந்த அஞ்சு மாசத்துல அவனுக்குப் பழக்கிவிடறதுக்கு நிறைய இருக்கு, உனக்கே தெரியும், ஒரு வருஷம் முன்னாடி நீ பட்டதுதான். ஹோம்ல எம்பது பேருக்கு வெங்காயம் உரிச்சுப் பழகியிருப்பாங்க, ஒரு ஆளுக்கு எத்தனை டம்ளர் அரிசின்னு தெரியாது. காசைக் கையில வாங்கி மாசக் கடைசி வரைக்கும் கொண்டுபோனதே இல்ல. தனியா ஜி.எச். போயி சீட்டு வாங்கி டாக்டர்கிட்ட என்ன பண்ணுதுன்னு சொல்லி மருந்து வாங்கினது இல்ல, யாராவது கூட வந்து அவங்களே பேசியிருப்பாங்க. சார் கிட்ட சொல்லி, மாசம் ஒரு நாள் அவனை வெளிய அனுப்பச் சொல்லு, முன்னூறு ரூபா குடுத்து பஸ்ஸுல போயி வாங்க வேண்டியதை வாங்கிட்டு கணக்கு சொல்லட்டும், தப்பா செலவு பண்ணினா திட்டாத, அந்தத் தப்பை ஹோம்ல இருக்கறப்பவே பண்ணிட்டா நல்லது.

ஒரு விஷயத்துல மட்டும் கண்டிப்பா இரு. புதுசா 18 ஆன பசங்களைத் தேடி வர்ற கூட்டம் ஒண்ணு இருக்கு. "உன் அக்கவுண்டை ரெண்டு மாசம் குடு, ஏ.டி.எம். கார்டையும் சிம்மையும் குடு, அஞ்சாயிரம் தர்றேன்"னு வருவாங்க, அந்த அக்கவுண்டுல மோசடிப் பணம் வந்து போகும், போலீஸ் வர்றப்ப மாட்டறது அக்கவுண்ட் யார் பேர்ல இருக்கோ அவன்தான். லோன் ஆப் இன்னொண்ணு. கேக்க ஆள் இல்லாத பசங்கன்னு தெரிஞ்சா ரெண்டு மடங்கு வருவாங்க. தம்பிகிட்ட இதை ஒரு தடவை சொன்னா பத்தாது.

சித்தப்பா விஷயம். நல்ல மனசோடயே வந்திருக்கலாம், நான் ஒருத்தரை லெட்டர்ல பாத்து எடை போட மாட்டேன், ஆனா பத்து வருஷம் வராதவரு பையனுக்கு 18 ஆகற நேரத்துல கையெழுத்தோட வர்றார்னா நீங்க ரெண்டு பேரும் பேனாவைத் தொடக்கூடாது. வெத்துப் பேப்பர்ல வேண்டவே வேண்டாம், முத்திரைத்தாள்ல வேண்டாம், "சும்மா வாரிசு சர்டிபிகேட்டுக்குத்தான்"னு சொன்னாலும் படிச்சுப் பாக்காம வேண்டாம். தம்பிக்கு மார்ச் வரைக்கும் கையெழுத்துப் போடற வயசே ஆகல, அதையே காரணமா சொல்லிட்டு நைஸா நகந்துக்கலாம். நீங்க இந்துவோ கிறிஸ்தவரோன்னா, அப்பா சொத்துல பையனுக்கு எவ்வளவோ அதே அளவு பொண்ணு உனக்கும் பங்கு இருக்கு, "பொட்டப்புள்ளைக்கு என்ன"ன்னு யாராவது சொன்னா காதுல வாங்காத. ஊரு, சர்வே நம்பர், இல்ல பழைய பத்திர நம்பர் தெரிஞ்சா பதிவுத்துறை வெப்சைட்ல வில்லங்கம் போட்டுப் பாரு, இதுக்குள்ள யாராவது எதாவது எழுதி வாங்கியிருக்காங்களான்னு தெரியும். மைனரா இருந்தப்ப கார்டியன்னு சொல்லிக்கிட்டு யாராவது சொத்தை வித்திருந்தா, 18 முடிஞ்சு மூணு வருஷத்துக்குள்ள கோர்ட்ல கேக்கணும்னு ஒரு கெடு இருக்கு, உனக்கு அந்த கெடு ஓடிட்டு இருக்கு, அதனால தள்ளிப்போடாத. வக்கீலுக்கு காசு இல்லன்னு யோசிக்க வேண்டாம், ஒவ்வொரு மாவட்ட கோர்ட்லயும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, பெண்களுக்கும் 18க்குக் கீழ உள்ளவங்களுக்கும் வருமானம் பாக்காம இலவச வக்கீல் குடுப்பாங்க, போன்ல கேக்கணும்னா 15100. தம்பியை அவர்கூட அனுப்பச் சொல்லி ஹோம்ல கேட்டா, சி.டபிள்யூ.சி. விசாரிக்காம அனுப்பக்கூடாதுன்னு அந்த லெட்டர்லயே ஒரு வரி சேத்து எழுதச் சொல்லு.

கடைசியா நீ ஒரே வரியில எழுதின விஷயம், ராத்திரி பயம். பெரிய ஹால்ல முப்பது பேரு நடுவுல பத்து வருஷம் தூங்கின ஆளு, இப்ப ஷிப்ட் முடிஞ்சு ஒரு ரூம்ல தெரியாதவங்களோட படுத்திருக்க, உடம்பு அதை ஆபத்துன்னு எடுத்துக்குது, உனக்குப் பைத்தியம் எதுவும் இல்ல. ஆனா தூக்கமே வராம நாள் கணக்கா போகுது, நெஞ்சு படபடங்குது, இனி எதுக்குன்னு தோணுதுன்னா 14416க்குப் பேசு, டெலிமானஸ், காசு இல்ல, தமிழ்ல பேசலாம், எந்த நேரத்துலயும் எடுப்பாங்க. உன் கம்பெனியில இ.எஸ்.ஐ. பிடிக்கறாங்களான்னு சம்பளச் சீட்டைப் பாரு, 21,000க்குள்ள சம்பளம்னா பிடிக்கணும், பிடிச்சா இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில இதுக்கும் டாக்டரைப் பாக்கலாம். பி.எஃப். இருந்தா நாமினி கட்டத்தை நீ காலியா விட்டிருப்ப, அதுல தம்பி பேரைப் போடு.

ஹோம்ல வளந்தேன்னு சொல்லணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. சொல்லாம இருக்கறது பொய் சொல்றது ஆகாது. உங்களை மாதிரி பிள்ளைங்களோட அடையாளத்தை வெளியிடக்கூடாதுன்னு அதே சட்டத்துல 74வது பிரிவு இருக்கு, அந்த அளவுக்கு அது உன்னோட சொந்த விஷயம். ரூம்ல யாராவது அப்பா என்ன பண்றாருன்னு கேட்டா, "அப்பா அம்மா இல்ல, சின்ன வயசுலயே தவறிட்டாங்க, தம்பி படிக்கிறான், நான்தான் பாக்கறேன்"னு சொல்லிட்டு நீ அவங்களைக் கேள்வி கேக்க ஆரம்பிச்சிடு, பெரும்பாலானவங்க அதோட விட்டுடுவாங்க. ஆனா ஒருத்தர்கிட்டயாவது முழுசா சொல்லி வை. உன் பழைய ஹோம்ல உனக்கு முன்னாடி வெளிய போன அக்காங்க யாராவது திருப்பூர்லயே இருப்பாங்க, அங்க வேலைக்கு வர்றவங்க அவ்வளவு பேரு, வார்டனம்மாகிட்ட நம்பர் கேட்டு வாங்கு. காச்சல்னா கஞ்சி கொண்டுவர, ஹாஸ்டல்ல பிரச்சனைன்னா ராத்திரி பத்து மணிக்குப் போய் நிக்க ஒரு வாசல் வேணும், 4000 ரூபாய் வந்தாலும் வராட்டியும் அது வேணும். தம்பிக்கும் அப்படி ஒரு ஆளைப் பாத்து வை, உன்னைத் தவிர இன்னொருத்தர், அவன் ஸ்கூல் வாத்தியார்ல அவனுக்குப் பிடிச்சவர் யாராவது இருந்தா போதும்.

லீவு போடறதுக்கு உனக்கு சம்பளம் புடிப்பாங்கன்னு தெரியும், அதனால எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிக்கற மாதிரி வெச்சுக்கோ: காலையில ஹோம்ல லெட்டரைக் குடுத்து சீல் வாங்கு, அங்கிருந்து டி.சி.பி.யூ. சி.டபிள்யூ.சி. எந்தெந்த நாள் உக்காருவாங்கன்னு டி.சி.பி.யூ.லயே கேட்டுக்கோ. தம்பியைக் கூட்டிட்டுப் போகணும்னா டிசம்பர் அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னாடியே போயிடு, ஜனவரிக்கு மேல அவனுக்கு பிராக்டிகல், ரிவிஷன்னு ஆரம்பிச்சிடும், அலைய விடாத. சி.டபிள்யூ.சி. ஆர்டர் இருக்கா இல்லயான்னு தெரிஞ்சதும் எனக்கு இன்னொரு தடவை எழுது, இல்லன்னு வந்தா செய்ய வேண்டியது வேற, அதைத் தனியா சொல்றேன்.